வக்கீல் ஆபீஸின் பின்கட்டுக்கு வாங்க!

பெங்களூரு–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் சூளகிரியைத் தாண்டும்போது எத்தனையோ பலகைகள் கண்ணில் படும். பிரியாணி, டயர், ஸ்கேன் சென்டர், 'வீட்டுமனைகள் விற்பனைக்கு' என்று ஆள் உயர எழுத்துகள். அவற்றுக்கு நடுவே, ஒரு மாடிப்படியின் ஓரத்தில், முழ நீளத்தில் ஒரு சின்னப் பலகை. ஒரு பெயர், அதன் கீழே பி.ஏ., பி.எல்., அதற்கும் கீழே 'வழக்கறிஞர்'. அவ்வளவுதான். அந்தப் படியேறி, முன்னறையைத் தாண்டி, கட்சிக்காரர்கள் யாரும் நுழையாத பின்னறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்! அங்கே பார்த்ததை எல்லாம் உங்களிடம் கொட்டாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முன்னறை நாம் எல்லோரும் பார்த்ததுதான். கண்ணாடி அலமாரியில் சட்டப் புத்தகங்கள், பெஞ்சில் மஞ்சள் பையோடு இரண்டு பெரியவர்கள், சுவரில் சாமி படம். பின்னறையில் கதையே வேறு. நீள மேஜை முழுக்கத் தமிழ், ஆங்கில, கன்னடப் பேப்பர்கள் விரிந்து கிடக்கின்றன. ஒரு ஜூனியர் கத்தரிக்கோலோடு நிற்கிறார், நிஜமான கத்தரிக்கோல்! இன்னொருவர் லேப்டாப்பில் ஓசூர், கிருஷ்ணகிரி கோர்ட்டுகளின் அன்றைய வழக்குப் பட்டியலைத் தேடிக்கொண்டிருக்கிறார். குமாஸ்தா அண்ணன் ஒரு போனில் தெலுங்கிலும் இன்னொரு போனில் கன்னடத்திலும் பேசிக்கொண்டே, "காபியா, டீயா?" என்று என்னைத் தமிழில் கேட்கிறார். ஆனால் அதற்கும் முன்னால், நான் கதவைத் திறந்த நொடியில், அவர் செய்த முதல் வேலை மேஜைமேல் இருந்த கேஸ் கட்டுகளை எல்லாம் கவிழ்த்து வைத்ததுதான். எந்தக் கட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு செய்கையிலேயே இந்த ஆபீஸ் எனக்குப் பிடித்துப் போயிற்று.

சீனியர் ஒரு பெண். ஜூனியர்களுக்கு மேடம், குமாஸ்தாவுக்கு அம்மா, பெஞ்சில் இருப்பவர்களுக்கு வக்கீலம்மா. அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 36ஆம் விதி வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்தக் கூடாது, வேலை தேடிப் போகக் கூடாது என்கிறது. சுற்றறிக்கை, தரகர், பேட்டி, தாங்கள் நடத்தும் வழக்கையொட்டிப் பத்திரிகையில் படம் எல்லாமே அந்த விதிக்குள் வருகின்றன. பெயரைப் போட்டு நான் நாலு நல்ல வார்த்தை எழுதினால் அதுவே அவருக்கு வம்பு. பலகை சின்னதாக இருப்பதற்கும் இதே விதிதான் காரணம்: 'நியாயமான அளவு' இருக்க வேண்டும், முன்னாள் நீதிபதி என்றோ, சங்கத் தலைவர் என்றோ, இன்ன வகை வழக்கில் வல்லவர் என்றோ அதில் எழுதக் கூடாது. 2008ல் செய்த திருத்தத்துக்குப் பிறகு இணையதளம் வைத்துக்கொள்ளலாம். அதிலும் பெயர், முகவரி, படிப்பு, பதிவு எண், எந்தத் துறை என்பது போன்ற விவரங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த விதி தூசி படிந்த பழைய காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 3ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம்.சுப்ரமணியம், சி.குமரப்பன் அமர்வு இதைத் தட்டி எழுப்பியது. சுலேகா, ஜஸ்ட் டயல், குவிக்கர் போன்ற தளங்கள் மூலமாக வேலை பிடிக்கும் வழக்கறிஞர்கள்மீது ஒழுங்கு நடவடிக்கைக்கு வழி செய்யுங்கள் என்று வழக்கறிஞர் மன்றத்துக்கு உத்தரவிட்டது. வக்கீல்களுக்கு நட்சத்திரம் போட்டு வரிசைப்படுத்துவதையும் கண்டித்தது. அமெரிக்காவில் இதற்கு நேர் எதிர். ஜான் பேட்ஸ், வான் ஓஸ்டீன் என்ற இரண்டு இளம் வழக்கறிஞர்கள் 1976ல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் தங்கள் கட்டணத்தைப் போட்டு ஒரு பேப்பர் விளம்பரம் கொடுத்தார்கள். 1977 ஜூனில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அது அவர்களுடைய பேச்சுரிமை என்றது. அதற்குப் பிறகு அங்கே பேருந்தின் முதுகில்கூட வக்கீல் சிரிக்கிறார். இங்கே முழ நீளப் பலகை.

அப்படியானால் புதுக் கட்சிக்காரர் எப்படித்தான் வருகிறார்? இதுதான் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ரகசியம். அது அந்தக் கத்தரிக்கோலில் இருந்தது!

"இது யாருக்கு?"

காலை ஒன்பதுக்கு முன்னால் மேடம் வந்து மேஜையின் தலைமாட்டில் உட்காருகிறார். ஜூனியர் ஒவ்வொரு செய்தியாக வாசிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் மேடம் கேட்பது ஒரே கேள்வி: "இது யாருக்கு?" அதாவது, இந்தச் செய்தி நம் கட்சிக்காரர்களில் யாருடைய சோற்றைத் தொடுகிறது? பதில் சொல்வது குமாஸ்தா அண்ணன். கட்சிக்காரர் பட்டியல் அவர் தலைக்குள் இருக்கிறது. "பிரஸ் ஷாப்காரருக்கு", "மாம்பழக் கூழ் கம்பெனிக்கு", "பேரிகைப் பக்கம் நிலம் வச்சிருக்கிற மூணு பேருக்கு" என்று பெயரில்லாமல் சொல்கிறார். யாருக்கும் இல்லை என்றால் அந்தச் செய்தி எவ்வளவு பெரிய தலைப்பாக இருந்தாலும் கீழே போகிறது. யாருக்காவது என்றால் கத்தரிக்கோல் நறுக்கென்று பாய்கிறது.

சூளகிரி இந்த விளையாட்டுக்கென்றே அமைந்த ஊர். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் கொத்தமல்லியும் தக்காளியும் விளைகிற வயல், இன்னொரு பக்கம் சிப்காட் தொழிற்பூங்கா. ஓசூரில் டி.வி.எஸ்., அசோக் லேலண்ட், டைட்டன், ஏத்தர். போச்சம்பள்ளியில் ஓலாவின் மின்சார ஸ்கூட்டர் ஆலை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ். இந்தப் பெரிய ஆலைகளுக்கு டில்லியிலும் மும்பையிலும் கண்ணாடிக் கட்டடத்தில் வக்கீல்கள் இருப்பார்கள். ஆனால் அவற்றுக்கு வாஷரும் பிராக்கெட்டும் கடைந்து கொடுக்கிற பட்டறை முதலாளி இருக்கிறாரே, அவருக்கு இருப்பது இந்த மாடிப்படிதான். டில்லியில் நாடாளுமன்றம் தும்மினால் சூளகிரிப் பட்டறைக்கு ஜலதோஷம் பிடிக்கும். அதை யாராவது அவர் மொழியில், அவர் மெஷினை நிறுத்தாமல் சொல்ல வேண்டாமா?

2025 நவம்பர் 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 பழைய சட்டங்கள் அவற்றுக்குள் அடங்கிப் போயின. இப்படி ஒன்று நடந்தால் பெருநகரச் சட்ட நிறுவனங்கள் கம்பெனிகளுக்குப் பக்கம் பக்கமாகக் குறிப்பு அனுப்புவது வழக்கம். இந்த ஆபீஸின் குறிப்பை எனக்குக் காட்டினார்கள். ஒரே பக்கம்! ஒரு பக்கத்தைத் தாண்டினால் மேடம் திருப்பி எறிந்துவிடுவாராம். அதில் இருந்ததை என் வாயால் சொல்கிறேன். சம்பளத்தில் அடிப்படையைக் குறைத்துப் படியாகக் கூட்டிக் காட்டுகிற பழைய கணக்கு இனி செல்லாது. மொத்தத்தில் பாதிக்கு மேல் படியாகப் போனால், மிஞ்சியது சம்பளமாகவே கணக்கில் ஏறும். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் அதை வைத்துத்தான். குறித்த காலத்துக்கு என்று எடுத்த ஆளுக்கு ஒரு வருடம் முடிந்தாலே கிராஜுவிட்டி உண்டு. வேலையை விட்டவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டு வேலை நாளுக்குள் சம்பளக் கணக்கைத் தீர்க்க வேண்டும். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். முடிந்தது. கடைசி வரி மட்டும் எனக்கு மிகவும் பிடித்தது: 'உங்கள் சம்பளப் பட்டியலை எடுத்துக்கொண்டு வாருங்கள்.'

அந்தப் பக்கத்தை அப்படியே அனுப்புவதில்லை. குமாஸ்தா அண்ணன் போனைக் கையில் எடுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு தடவை தமிழில், ஒரு தடவை தெலுங்கில், ஒரு தடவை கன்னடத்தில் பேசிப் பதிவு செய்கிறார். "அண்ணா, நல்லா இருக்கீங்களா? சம்பள விஷயமா ஒரு சேதி..." என்று ஆரம்பிக்கிற அந்தக் குரல் ரேடியோவில் வர வேண்டிய குரல். மூன்று மொழி புழங்குகிற இந்த மண்ணில், சட்டத்தைக் காதில் போடுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை.

விதி என்ன ஆவது என்று கேட்டேன். மேடம் பதிலை முன்பே யோசித்து வைத்திருக்கிறார். முன்பின் தெரியாத ஆளுக்குக் கடிதம் எழுதி 'என்னிடம் வா' என்பதுதான் தடை. பழக்கமும் உறவும் இருக்கிற இடத்தில் பேசுவதற்கு விதியே இடம் விடுகிறது. ஆகவே குறிப்பு போவது ஏற்கெனவே தங்களிடம் வழக்கு கொடுத்தவர்களுக்கு மட்டும். அதில் ஆபீஸ் பெயர்கூட இருக்காது. "சங்கத்துல கூப்பிட்டா போய் சட்டம் பேசுவேன். கார்டு நீட்ட மாட்டேன்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது. ஆனால் பிரஸ் ஷாப்காரர் தன் பக்கத்துப் பட்டறைக்காரரிடம் "எங்க வக்கீலம்மா இப்படிச் சொன்னாங்க" என்று சொல்வதை எந்த விதி தடுக்கும்? அடுத்த வாரம் பக்கத்துப் பட்டறைக்காரர் படியேறுகிறார். இந்த ஆபீஸ் வளர்ந்த கதை முழுவதும் இதுதான்.

சுலபமான இன்னொரு வழியும் இருக்கிறது. அதை இவர்கள் தொடுவதில்லை. நெடுஞ்சாலை ஊர்களில் விபத்து நடந்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே 'இழப்பீடு வாங்கித் தருகிறோம்' என்று தரகர்கள் நிற்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். வருகிற தொகையில் பங்கு என்று பேசுவதே வழக்கறிஞர் விதிப்படி குற்றம். வழக்கறிஞர் அல்லாதவரோடு பீஸைப் பங்கு போடுவதும் குற்றம். 2023ல் வழக்கறிஞர்கள் சட்டத்தைத் திருத்தி, தரகர்களின் பட்டியலை நீதிமன்றங்கள் வெளியிடவும், பட்டியலில் இருந்துகொண்டே தரகு செய்பவருக்கு 3 மாதம் வரை சிறை விதிக்கவும் வழி செய்தார்கள். காலொடிந்து கிடப்பவரின் பணத்தில் கை வைப்பவரை நான் மன்னிக்கவே மாட்டேன். சட்டம் இன்னும் கடுமையாக இருந்தால்கூட எனக்குச் சம்மதம்.

எல்லைக்கோடு மேஜைக்கு நடுவே ஓடுகிறது!

கன்னடப் பேப்பர் எதற்கு என்று கேட்டேன். கர்நாடகத்து அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் ஒரு யூனிட், சூளகிரியில் இன்னொரு யூனிட் என்று வைத்திருக்கும் முதலாளிகள் இங்கே சர்வசாதாரணம். தொழில் வரியையே பாருங்கள். கர்நாடகத்தில் மாநில அரசு மாதாமாதம் பிடிக்கிறது, இங்கே உள்ளாட்சி அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகிறது. குறைந்தபட்சக் கூலி வேறு, முத்திரைத்தாள் கட்டணம் வேறு. 2024 ஜூலையில் கர்நாடக அமைச்சரவை தனியார் கம்பெனிகளில் மேலாண்மைப் பதவிகளில் 50 விழுக்காடும் மற்ற வேலைகளில் 70 விழுக்காடும் உள்ளூர்க்காரர்களுக்கு என்று ஒரு மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்து, எதிர்ப்பு கிளம்பியதும் அப்படியே நிறுத்தி வைத்தது. தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போகும் ஓசூர்க்காரருக்கு அது பெங்களூருச் செய்தியா, உள்ளூர்ச் செய்தியா?

ஆனால் எல்லையில் எனக்கு மயிர்க்கூச்செறிந்த விஷயம் ஒரு பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில் இருந்தது. பட்டறைக்காரர்களுக்குப் பெரிய கம்பெனி கொடுக்கும் அந்தக் காகிதத்தில் முன்பக்கம் எண்ணிக்கை, விலை, தேதி. பின்பக்கம் எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில் நிபந்தனைகள். புதுக் கட்சிக்காரர் வந்தால் மேடம் முதலில் திருப்புவது பின்பக்கத்தைத்தான். விரலை நேரே கடைசிக்குக் கொண்டுபோகிறார். 'தகராறுகள் இன்ன ஊர் நீதிமன்றங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை.' பெங்களூருவா, சென்னையா, குருகிராமா? அந்த ஒரு ஊர்ப்பெயர், பணம் வராவிட்டால் நீங்கள் ஓசூருக்குப் பஸ் ஏறுவதா, டில்லிக்கு ரயில் ஏறுவதா என்பதைத் தீர்மானிக்கிறது!

இந்த ஒரு வரியைப் பற்றி நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு ஒன்று நம் பக்கத்துச் சேலத்திலிருந்து போனது. சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ், குஜராத்தின் கேடா மாவட்டத்திலிருந்த ஏ.பி.சி. லாமினார்ட் என்ற கம்பெனியிடம் ஜரிகை நூல் வாங்க 1974 அக்டோபர் 2ஆம் தேதி ஒப்பந்தம் போட்டது. 5,000 பாபின், ஒன்று 35 ரூபாய். பதினோராவது நிபந்தனை, தகராறு வந்தால் கேடா நீதிமன்ற அதிகாரத்துக்கு உட்பட்டது என்றது. தகராறு வந்தது. சேலத்துக்காரர்கள் சேலத்திலேயே வழக்குப் போட்டார்கள். விசாரணை நீதிமன்றம் 'இங்கே முடியாது, உரிய கோர்ட்டுக்குப் போங்கள்' என்று பிராதைத் திருப்பிக் கொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. கம்பெனி உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1989 மார்ச்சில் தீர்ப்பு: 'மட்டும்' என்பது போல மற்ற நீதிமன்றங்களை விலக்கும் சொல் எதுவும் அந்த நிபந்தனையில் இல்லை, சரக்கைச் சேலத்தில் கொடுத்திருப்பதால் சேலம் நீதிமன்றம் விசாரிக்கலாம். ஜரிகை நூல் வாங்கப் போன ஒரு கடை, இந்தியா முழுதும் சட்ட மாணவர்கள் படிக்கும் தீர்ப்பை நெய்துவிட்டது. எனக்கு இதைக் கேட்டபோது கைதட்டத் தோன்றியது!

அதோடு நின்றுவிட்டால் நல்ல கதை. 2013 ஜூலை 3ஆம் தேதி, ஸ்வஸ்திக் கேசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் இன்னொன்று சொன்னார்கள். ராஜஸ்தானத்து நிறுவனம், எதிரே இந்தியன் ஆயில், ஒப்பந்தத்தில் கொல்கத்தா. 'மட்டும்' என்ற சொல் இல்லாவிட்டாலும், ஒரு ஊரைக் குறித்ததாலேயே மற்ற ஊர்களை விலக்கும் எண்ணம் தெரிகிறது என்று தீர்ப்பு. ஆகவே இன்றைக்குப் பட்டறைக்காரர் சேலத்து வழக்கை நம்பிச் சும்மா இருந்தால் மாட்டிக்கொள்வார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே 'ஓசூர் என்று மாற்றிக் கொடுங்கள்' என்று கேட்க வேண்டும். பெரிய கம்பெனி ஒப்புக்கொள்ளுமா? சில கம்பெனி ஒப்புக்கொள்ளும். கேட்காதவருக்கு எந்தக் கம்பெனியும் மாற்றித் தராது. "கேக்கறதுக்கு என்ன காசா பணமா" என்கிறார் குமாஸ்தா அண்ணன்.

காசோலை விஷயத்தில் எல்லை நமக்குச் சாதகம். 2015ல் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து, பணம் பெற வேண்டியவர் காசோலையைத் தன் கணக்கில் போட்டால், அந்த வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் வருகிறதோ அங்கேதான் வழக்கு. பெங்களூருக்காரர் கொடுத்த செக்கை இங்கே உங்கள் கணக்கில் போட்டுத் திரும்பி வந்தால் அவர்தான் நம் பக்கம் வர வேண்டும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்தபின் அவருக்கு 15 நாள், அதற்கும் மேல் ஒரு மாதத்துக்குள் புகார். இந்த மூன்று தேதிகளையும் குமாஸ்தா அண்ணன் சுவர்க் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். அந்தக் காலண்டரில் வெள்ளையே இல்லை!

சிறு தொழில்காரரின் இன்னொரு ஆயுதம் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். எழுத்தில் என்ன பேசியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றம் தீர்ப்பளித்த பிறகு வாங்கியவர் எதிர்த்து நீதிமன்றம் போக நினைத்தால் தொகையில் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். போதாததற்கு 2023ல் வருமானவரிச் சட்டத்தில் ஒரு புதுக் கூறு சேர்ந்தது: குறு, சிறு தொழில்களுக்கு இந்தக் கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, தந்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் வந்தால் கம்பெனிக் கணக்காளர்களே பட்டறைக்காரருக்குப் போன் செய்யும் காலம் வந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மேடத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

நிலத்துச் செய்திகள் தனிக் கட்டு. 2024 ஜூன் 27ஆம் தேதி சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஓசூரில் 2,000 ஏக்கரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளுக்கான விமான நிலையம் என்று அறிவித்ததிலிருந்து, பேரிகை, பாகலூர்ப் பக்கம் காலி நிலத்துக்கெல்லாம் கால் முளைத்துவிட்டது. வருகிறவர்களிடம் இந்த ஆபீஸ் முதலில் எடுத்துச் சொல்வது பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தைத்தான்: 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு பன்னாட்டு விமான நிலையம் வருவதற்கு அதில் தடை இருக்கிறது. பிறகு வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு, மூலப்பத்திரம். விமானம் வரும் என்று சொல்லி விற்பவரிடம் மூலப்பத்திரத்தைக் கேளுங்கள், போதும்.

மாலை ஆறு மணி

கோர்ட்டிலிருந்து எல்லோரும் திரும்பி, கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கியபின் நடப்பதுதான் இந்தப் பின்கட்டின் உச்சம். அன்றைக்குக் கூப்பிட்ட ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு சேதி போகிறது. என்ன நடந்தது, அடுத்த வாய்தா எப்போது, வரும்போது என்ன கொண்டுவர வேண்டும். மூன்று வரி. எதிர்த்தரப்பு வக்கீல் வராமல் வாய்தா வாங்கியிருந்தால் அதையும் அப்படியே சொல்கிறார்கள்.

"ஒண்ணும் நடக்கலைன்னாலும் சொல்லணுமா அண்ணா?" என்று ஒரு ஜூனியர் கேட்டார்.

"ஒண்ணும் நடக்காத அன்னைக்குத்தான் தம்பி கண்டிப்பா சொல்லணும். அவரு அங்க என்ன ஆச்சோன்னு தூங்காம கெடப்பாரு."

இதை நான் குறிப்பேட்டில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். வழக்கு எண்ணை வைத்துக் கட்சிக்காரரே வாய்தாவைப் பார்க்கலாம் என்பது உண்மைதான். ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்துகளும் எண்களும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு, அதைப் போட்டால் மின்னணு நீதிமன்றச் செயலி எல்லாம் காட்டும். அந்த எண்ணை இவர்கள் முதல் நாளே கட்சிக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று. ஒளிக்க எதுவும் இல்லாதவர்களுக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்.

மூலப்பத்திரங்களை இங்கே வைத்துக்கொள்வதே இல்லை. நகல் எடுத்து, கையெழுத்து வாங்கி, மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். பீஸ் பாக்கி இருந்தால்? பாக்கி இருந்தாலும் கட்டு கட்சிக்காரருடையதுதான். போபாலில் ஒரு கூட்டுறவு வங்கியின் வழக்கறிஞர், பீஸ் வரவில்லை என்று கட்டுகளைப் பிடித்து வைத்துக்கொண்டபோது, வழக்கறிஞருக்கு அந்த உரிமை கிடையாது, அது தொழில் ஒழுக்கக் கேடு என்று 2000 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. பல கட்சிக்காரர்களுக்கு இது தெரியாது. தெரியாததால் மாதக்கணக்கில் கட்டுக்காகக் கெஞ்சுகிறார்கள். கெஞ்ச வேண்டியதில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 2024 மே 14ஆம் தேதி, டி.கே.காந்தி வழக்கில், வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேவையில் குறை என்று நுகர்வோர் மன்றத்துக்கு வக்கீலை இழுக்க முடியாது. அஜாக்கிரதையால் நட்டம் வந்தால் சிவில் வழக்குப் போடலாம், ஒழுக்கக் கேடு என்றால் வழக்கறிஞர் மன்றத்தில் புகார் கொடுக்கலாம். தீர்ப்பு வந்த அன்று மேடம் ஜூனியர்களிடம் சொன்னாராம்: "இனிமே நம்மைக் கேக்க ஆளில்லைன்னு நினைக்காதீங்க. நாமே நம்மைக் கேட்டுக்கணும்." அந்த ஆறு மணிச் சேதி அப்போது தொடங்கிய பழக்கம்தான்.

கவிழ்த்து வைத்த கட்டுகளைப் பற்றியும் கேட்டேன். கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது வெளியே போகக் கூடாது என்பது முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 132. சட்டம் சொல்கிற விலக்குகளுக்குள் வராத வரை, கட்சிக்காரர் சொன்னதைக் கேட்டுப் புலனாய்வாளர்கள் வக்கீலுக்குச் சம்மன் அனுப்பக் கூடாது என்று 2025 அக்டோபர் 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பில், கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அதிகாரிக்கு 132ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது என்றும் சொன்னது. தொழிற்பேட்டை முதலாளிகளே, இது உங்களுக்கு! நீங்கள் உங்கள் சட்ட அதிகாரியிடம் மனம் திறந்து சொல்வதும் வெளியில் இருக்கும் வக்கீலிடம் சொல்வதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

இந்த வட்டாரம் வக்கீல்களுக்குப் புதிதில்லை. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ல் பிறந்த ஒரு பிள்ளை, 1900ல் சேலத்தில் வக்கீலாகத் தொழில் தொடங்கி, பிறகு இந்தியாவின் கவர்னர் ஜெனரலானார். ராஜாஜி. அந்த அளவுக்கு யாரும் போக வேண்டாம். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பட்டறைக்காரரின் 45ஆவது நாளை அவருக்கு முன்பே நினைவில் வைத்திருக்கும் ஒரு குமாஸ்தா, 'இது யாருக்கு?' என்று கேட்கும் ஒரு சீனியர், இவர்கள் இருக்கும் ஆபீஸ்தான் என் கணக்கில் நாட்டின் தலைசிறந்த சட்ட நிறுவனம்.

நீங்கள் சூளகிரியிலோ, ஓசூரிலோ, வேறெங்கோ ஒரு சின்னப் பட்டறை வைத்திருந்தால் இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். சிறு தொழிலுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால், அடுத்த லோடு சரக்கு கிளம்புவதற்கு முன்னால் பதிந்துவிடுங்கள். கையில் இருக்கும் பர்ச்சேஸ் ஆர்டரைத் திருப்பி, கடைசி நிபந்தனையில் எந்த ஊர் பெயர் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஊராக இல்லையென்றால், அடுத்த ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள்.